கொஞ்சம் தள்ளி உட்காரு!

பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கீங்களா? துண்டு இல்லாத நேரத்துல கர்ச்சீப், டிபன் பாக்ஸ், ரெக்கார்டு நோட்டு... ஒரு தடவை என் ஃப்ரெண்ட் டிராஃப்டரையே உள்ளே நுழைச்சுட்டா. (கண்டக்டர் கொடுத்த அர்ச்சனை தனிக் கதை!)

க்ளாஸ்ல கடைசி பெஞ்ச் ஓரம், மெஸ்ல ஃபேனுக்குக் கீழே, கேன்டீன்ல சுவரோரம்னு எல்லா இடத்துலயும் 'இது என் இடம்'னு நமக்கு ஒண்ணு இருக்கு. அதுல வேற யாராவது உட்கார்ந்துட்டா அன்னிக்குப் பூரா மூடு அவுட்.

உட்காருறதுக்கு ஒரு இடம்... இது எவ்ளோ பெரிய விஷயம்னு மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு எந்த புரொஃபசரும் சொல்லித் தரலை. ரெட்டை ஜடை போட்ட ஒரு அஞ்சாம் கிளாஸ் பொண்ணு சொல்லித் தந்தா. அதுவும் ஒரு வார்த்தை பேசாம!

செருப்புதான் நாற்காலி

நான் என்.எஸ்.எஸ்-ல இருக்கேன். 1969-ல, காந்தி நூற்றாண்டு வருஷத்துல ஆரம்பிச்ச திட்டம். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை, நடுவுல ஏழு நாள் கேம்ப். 'எனக்காக அல்ல, உனக்காக'ன்னு ஒரு பொன்மொழி உண்டு. உண்மையைச் சொல்லிடறேன்... நான் சேர்ந்தது சர்ட்டிஃபிகேட்டுக்காகத்தான். அதாவது, 'உனக்காக அல்ல, எனக்காக'! ஹி... ஹி...

எங்க கேம்ப் நடந்தது போடிநாயக்கனூர் பக்கத்துல, மலை அடிவாரத்துல ஒரு கிராமம். ஏழு நாள் முடிஞ்சு டாட்டா காட்டிட்டுக் கிளம்பும்போது பசங்க, "அக்கா, அடுத்த வாரம் வருவீங்கள்ல?"ன்னு கேட்டாங்க. நாங்களும் ஒரு ஃப்ளோவுல, "கண்டிப்பா!"ன்னு சொல்லித் தொலைச்சுட்டோம். சொன்ன பாவத்துக்கு நாலு பேர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அங்கே ஆஜர். கணக்கு, கதை, விளையாட்டுன்னு கலவையான ஒரு கூட்டம். மூணாம் கிளாஸ்ல இருந்து ஏழாம் கிளாஸ் வரைக்கும் மொத்தம் 22 வாண்டுங்க.

இடம்? ஊர்ச் சாவடி முன்னாடி இருக்கிற சிமென்ட் களம். நெல்லு காயப்போடறதுக்கு சூப்பர். உட்காருறதுக்கு..? மார்ச் மாசத்துல நாலு மணிக்கு அதுல உட்கார்ந்து பாருங்க. தோசைக்கல்லுல விழுந்த மாவு எப்படி ஃபீல் பண்ணும்னு புரியும்!

பசங்க அதுக்கும் ஒரு வழி வெச்சிருந்தாங்க. செருப்பைக் கழட்டி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அது மேலயே உட்காருறது. செருப்பு போடாம வந்தவங்க ஸ்கூல் பை மேல. ரெண்டும் இல்லாதவங்க குத்துக்கால் வெச்சு, கால் வலிச்சா எழுந்து நின்னு, திரும்பக் குத்துக்கால் வெச்சு... ஒரு பின்னக் கணக்கு முடியறதுக்குள்ள நாலு தோப்புக்கரணம் ஆகிடும்.

நம்ம ரெட்டை ஜடை மட்டும் உட்காரவே மாட்டா. இடுப்புல ரெண்டரை வயசுத் தம்பியைச் சுமந்துக்கிட்டு ஓரமா நின்னே கணக்குப் போடுவா. சரியாவும் போடுவா. அந்தத் தம்பி இருக்கானே... அவனுக்கு 'வால்'னே பேர் வெச்சுடலாம். இறக்கி விட்டா சாக்பீஸைத் தின்பான், யாரோட நோட்டையாவது கிழிப்பான்.

மார்ச் முதல் வாரத்துல வால், நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைஞ்ச சார்ட்டை ரெண்டாக் கிழிச்சுட்டான். எனக்கு வந்ததே கோபம்! "இனிமே சின்னப் பசங்களை யாரும் கூட்டிட்டு வரக் கூடாது. தம்பியை வீட்ல விட்டுட்டு வாம்மா"ன்னு சொன்னேன்.

அவ தலையை ஆட்டினா. அவ்ளோதான்.

இலவு காத்த அக்கா

அன்னிக்கே எனக்கு ஒரு ஐடியா பளிச்சிட்டுச்சு. பசங்களை வெச்சே ஆளுக்கு ஒரு குஷன் செஞ்சா என்ன? வெளியில போட்டு உட்கார, தூக்கிட்டுப் போக, செலவில்லாம. ஆக்டிவிட்டியும் ஆச்சு, ரிப்போர்ட்டுல போட ஒரு போட்டோவும் ஆச்சு!

போடின்னாலே ஏலக்காய்க்கு அடுத்தபடியா இலவம்பஞ்சுதானே. மெத்தை, தலையணைன்னு அந்தப் பக்கம் பஞ்சுக்குப் பஞ்சமே இல்லை. (மன்னிச்சிடுங்க, கடிக்காம இருக்க முடியலை!) இலவம்பஞ்சோட ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழாய். மேலே மெழுகுப் பூச்சு மாதிரி இருக்கிறதால தண்ணியைச் சட்டுனு உறிஞ்சாது. அதனாலதான் ஒரு காலத்துல கப்பல்ல போடற உயிர்காப்பு அங்கிக்குள்ள எல்லாம் இதை அடைச்சாங்க. இதைவிடப் பொருத்தமான சரக்கு உண்டா? சாஃப்ட்வேர்ல டிசைனே போட்டு, நாலு பக்கம் அளவோட பிரின்ட் எடுத்துட்டுப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை. ஒரு மூட்டை பஞ்சு, நாலஞ்சு பழைய புடவை. மூட்டையைப் பிரிச்ச அடுத்த நிமிஷம் மலையிலிருந்து ஒரு காத்து வந்துச்சு பாருங்க... களமே காஷ்மீர் ஆகிடுச்சு! 'அச்ச்'னு ஒரு பக்கம் தும்மல். தலை, புருவம் எல்லாம் வெள்ளையா ஒருத்தன் "நான் தாத்தா"ன்னு ஆட ஆரம்பிச்சுட்டான். எப்படியோ அள்ளி அடைச்சுத் தைச்ச ஆறு குஷனும், உட்கார்ந்து எழுந்தா புடவை நூலிடுக்கு வழியா புஸ் புஸ்னு பஞ்சைத் துப்புது. இலவம்பஞ்சுக்கு நெருக்கமா நெய்த மெத்தைத் துணிதான் வேணும்னு மெத்தை தைக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. நான்தான் கேட்கவே இல்லையே. இன்ஜினீயராச்சே!

இலவு காத்த கிளி மாதிரி நான் உட்கார்ந்திருந்தப்ப, சாவடித் திண்ணையில வெத்தலை இடிச்சுக்கிட்டிருந்த பாட்டி ஒருத்தங்க சிரிச்சாங்க. "ஏத்தா, உட்காருறதுக்கு ஒரு தடுக்கு வேணும், அதுக்கா இம்புட்டு அக்கப்போரு?"

தடுக்கு! ஒருத்தர் உட்காருற அளவுக்கு ஓலையில முடையற குட்டிப் பாய். வார்த்தையே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். "ஓலைக்கு எங்கே பாட்டி போறது?"ன்னேன். பாட்டி, தன் வெத்தலையைச் சுத்தி வெச்சிருந்த பேப்பரைக் காட்டினாங்க. "இது மடங்காதா?"

ஒரு வாரப் பேப்பர், ஒரு தடுக்கு

ஆச்சரியம் என்னன்னா, பாட்டி சொன்ன அதே டெக்னிக்கை உலகத்தோட இன்னொரு மூலையில ரொம்ப வருஷமா செஞ்சுட்டு இருக்காங்க. 1912-ல ஆரம்பிச்ச அமெரிக்க கேர்ள் ஸ்கௌட்ஸ் பொண்ணுங்க கேம்புக்குப் போறப்ப ஈரத் தரையில போட்டு உட்கார, செய்தித்தாளை முடைஞ்சு, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுத் தைச்சு எடுத்துட்டுப் போவாங்களாம். அதுக்கு 'சிட் அப்பான்'னு பேர். அந்த ஊர் தடுக்கு!

நீங்களும் செய்யலாம், ரொம்ப சிம்பிள். நாளிதழோட ரெண்டு பக்கம் விரிச்ச முழுத் தாள் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு, நீளவாக்குல ரெண்டு அங்குல அகலப் பட்டையா மடிச்சுக்கிட்டே வாங்க. இப்படி 14 பட்டை. ஏழைத் தரையில நெருக்கமாப் படுக்க வெச்சு, மீதி ஏழைக் குறுக்கே ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு நுழைக்கணும். அடுத்த வரிசையில கீழே, மேலன்னு மாத்தி. பதினாலுக்குப் பதினாலு அங்குலத்துல சதுரம் ரெடி. வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற மிச்சத்தை மடக்கி உள்ளே சொருகினா ஓரம் பிரியாது. ஒரு தடுக்குக்கு 28 தாள். பதினாறு பக்கம் வர்ற பேப்பர்ல நாலு தாள்தான் இருக்கும். ஆக, சரியா ஒரு வாரப் பேப்பர்!

பசங்க டீக்கடை, சலூன், ரேஷன் கடைன்னு ஊரையே சலிச்சு எடுத்துட்டாங்க. முடையறதுக்கு நான் சொல்லித் தரவே தேவைப்படலை. வீட்டுல கீற்று முடையறதைப் பார்த்து வளர்ந்த கைகள் சும்மா பறந்துச்சு. ஒருத்தன் தினுசா குறுக்குக்கோடு டிசைன் போட, பக்கத்துல இருந்தவன் விடுவானா? அவன் கட்டம் போட்டான். "அவன் தடுக்குல நுழைஞ்சா இவன் கோலத்துல நுழையுறான்"னு பாட்டி கமென்ட் வேற.

அப்புறம் உறை. தரையில படற பக்கத்துக்கு, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கட்டிக் கழட்டின ஃபிளெக்ஸ். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். (மாப்பிள்ளை முகத்து மேல உட்கார்ந்த பாவம் நமக்கெதுக்கு!) ஈரமும் எறும்பும் ஏறாது. முதல்ல ரெண்டு பக்கமும் ஃபிளெக்ஸ்தான் போட்டோம். "அக்கா, வேர்த்து ஒட்டுதுக்கா"ன்னு புகார் வரவே, மேல்பக்கத்துக்குப் பழைய பருத்திப் புடவை. ஓரம் முழுக்க ஒரு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை குத்தி, கோணி ஊசியில சணல் கோத்துத் தையல். நாலாவது பக்கத்தை மட்டும் தைக்காம முடிச்சுப் போட்டுக் கட்டிட்டோம். மழையில நனைஞ்சா அவிழ்த்துப் பேப்பரை மாத்திக்கலாமே! இது ஏழாம் கிளாஸ் பையன் ஒருத்தனோட ஐடியா. டிசைன் நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டேன்.

எனக்கு ஊசியில சணல் கோக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. "பொம்பளைப் புள்ளைக்கு ஊசி கோக்கத் தெரியலையா?"ன்னு பாட்டி கேட்டாங்க. "எனக்கு லேத்து ஓட்டத் தெரியும் பாட்டி"ன்னேன். "அதுல துணி தைக்கலாமா?"ன்னு கேட்டாங்க பாருங்க... நான் சைலன்ட் ஆகிட்டேன்.

சரி, வெறும் பேப்பர் எப்படி சூட்டைத் தடுக்குது? பேப்பர் தடுக்கலை பாஸ், அதுக்குள்ள மாட்டிக்கிட்ட காத்துதான் தடுக்குது. அசையாம நிக்கிற காத்து வெப்பத்தைக் கடத்தறதுல மகா சோம்பேறி. காங்கிரீட் அதைவிடக் குறைஞ்சது முப்பது மடங்கு வேகமாக் கடத்தும். மடிப்புக்கு மடிப்பு, பட்டைக்குப் பட்டை அந்தச் சோம்பேறிக் காத்தை நாம சிறை வைக்கிறோம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நான் வாங்கின மார்க்கைக் கேட்காதீங்க. இந்த விஷயம் எனக்குப் புரிஞ்சது என்னவோ களத்துலதான்.

ஒரு தடுக்கு மிச்சம்

நாலாவது சனிக்கிழமை. 22 தடுக்கும் ரெடி! ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல பேர் எழுதி வரிசையா அடுக்கினோம். மொத்தச் செலவு ஊசி, சணல், மார்க்கர் சேர்த்து 140 ரூபாய். பசங்க ஆளாளுக்குப் பாய்ஞ்சு அவங்கவங்க பேரைத் தேடி எடுத்துக்கிட்டாங்க. களம் பூரா கலர் கலராப் புடவைத் துண்டுங்க. போட்டோ எடுத்தேன். ரிப்போர்ட்டுக்குச் செம போட்டோ!

கடைசியா ஒண்ணு மட்டும் சாவடிப் படியில கிடந்துச்சு. நான் முடைஞ்சது. கோணல்மாணலா இருந்ததால தூரத்துல இருந்தே அடையாளம் தெரிஞ்சது. அதுல ரெட்டை ஜடையோட பேர்.

"எங்கேடா அவ?"

மூணாம் கிளாஸ் குட்டிப் பையன் ஒருத்தன் தன் தடுக்குல சம்மணம் போட்டபடியே சாதாரணமாச் சொன்னான்: "அது வராதுக்கா. நீங்கதான் வர வேணாம்னு சொல்லிட்டீங்கள்ல."

"நான் எப்படா சொன்னேன்?"

"தம்பியைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல..."

ஃப்ரெண்ட்ஸ், மூணு சனிக்கிழமையா அவ வரலை. நான் கவனிக்கவே இல்லை. பஞ்சு, பேப்பர், ஃபிளெக்ஸ், போட்டோன்னு, 'பசங்க உட்கார ஒரு இடம்' செய்யறதுல நான் அவ்ளோ பிஸி.

அன்னிக்கு ஆறு மணிக்கு அந்தத் தடுக்கை எடுத்துக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். வாசப்படியில உட்கார்ந்து வாலுக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தா. அவங்க அம்மா இன்னும் வரலை. அந்தப் பக்கத்துக் கிராமங்கள்ல நிறையப் பேர் விடியறதுக்குள்ளேயே ஜீப்ல ஏறி, போடிமெட்டு மலைப்பாதையில கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி, கேரளாவோட இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போறாங்க. இருட்டற நேரத்துக்குத்தான் திரும்புவாங்க. ஸ்கூல் நாள்ல வால் அங்கன்வாடியில இருப்பான். சனிக்கிழமை? அக்கா இடுப்புலதான்.

'வீட்ல விட்டுட்டு வா'ன்னு நான் சொன்னேனே... வீட்ல யாருகிட்ட?

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"ன்னு கேட்டேன். அவ பதில் சொல்லலை. என்ன சொல்லுவா? நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அவ பதில் சொல்லலைன்னு நானே குறை சொல்லிட்டு நிக்கறேன். ஸாரின்னேன். அவளுக்கு அது என்னமோ மாதிரி இருந்திருக்கணும், தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தடுக்கை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இந்த வரிசையில ஒண்ணு தப்பு விட்டுட்டாங்க"ன்னா.

"நான் முடைஞ்சதுதான்."

"ஓ"ன்னா. அப்புறம் கேட்டா: "தம்பியும் வரலாமாக்கா?"

அவளோட டிசைன்

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் வந்தாங்க. பதினாலு அங்குலத் தடுக்குல பாதியில அவ, பாதியில வால். அதாவது, ரெண்டு பேருமே பாதி தரையில! அஞ்சே நிமிஷத்துல தம்பியை நடுவுல உட்கார வெச்சுட்டு, அவ சிமென்ட்டுக்குப் போயிட்டா.

நான் உடனே நோட்டை எடுத்தேன். பெரிய தடுக்கு, 24 அங்குலம். பட்டை நீளம் பத்தாதே, ஒட்டு போடணும், ஒட்டு போட்டா அங்கே பலம் குறையும்... கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன். ரெட்டை ஜடை எட்டிப் பார்த்தா. "எதுக்குக்கா? இன்னொண்ணு முடைஞ்சு ரெண்டையும் ஒரு பக்கம் சேர்த்துத் தைச்சா போதுமே. நோட்டு மாதிரி மடிச்சுக்கலாம்."

கீல் வெச்ச டபுள் சீட்! மடிச்சா ஒருத்தருக்கு டபுள் குஷன், விரிச்சா ரெண்டு பேருக்கு இடம். அன்னிக்கு அவளே முடைஞ்சா. ஒரு வரிசை கூடத் தப்பலை.

அந்த டபுள் சீட்டைப் பார்த்ததும் மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வாயைத் திறந்தாங்க. "எனக்கும் தங்கச்சி இருக்குக்கா." "நான் தம்பியை அத்தை வீட்ல விட்டுட்டு வர்றேன், அவன் அழுவான்." ஆக மொத்தம் அஞ்சு டபுள் சீட். 22 பேர்ல அஞ்சு பேர் பின்னாடி இன்னொரு குட்டி இருந்திருக்கு. என் லிஸ்ட்டுல ஒண்ணுகூட இல்லை!

'எல்லாரும் ஹேப்பி, சுபம்'னு போட ஆசைதான். ஆனா உண்மை வேற. வால் இன்னும் சாக்பீஸ் தின்னறான். அஞ்சு குட்டிங்களும் சேர்ந்தா என் பின்னக் கணக்குப் பாதி நாள் பிளாட்பாரத்துலயே நின்னுடுது. இப்போ எங்கள்ல ஒருத்தர் முறை வெச்சு, மிச்ச பேப்பர்ல பந்து சுருட்டிக் கொடுத்து அவங்களோட மல்லுக்கட்டறோம். சிரமம்தான். அந்தச் சிரமத்தை இதுக்கு முன்னாடி ஒரு பத்து வயசுப் பொண்ணு தனியா இடுப்புல சுமந்துக்கிட்டிருந்தா. இப்போ நாலு பேர் பிரிச்சுக்கறோம்.

ரிப்போர்ட்டுல 'பயனாளிகள்'னு ஒரு கட்டம் உண்டு. 22-ன்னு ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தேன். அடிச்சுட்டு 27-ன்னு எழுதினேன். அந்த 'செம போட்டோ'வைச் சேர்க்கலை. ரெட்டை ஜடை இல்லாத போட்டோ அது.

நீங்களும் உங்க தெருப் பசங்களோட, கேம்ப் பசங்களோட ஒரு சனிக்கிழமை தடுக்கு செஞ்சு பாருங்க. ஒரு வாரப் பேப்பரும் ஒரு கோணி ஊசியும் போதும். ஆனா, பட்டை மடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. வந்திருக்கிறவங்களை எண்ணாதீங்க. யார் வரலைன்னு எண்ணுங்க. ஏன் வரலைன்னு கேளுங்க.

போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? எல்லாருக்கும் செஞ்ச நான் எனக்குன்னு ஒண்ணு செய்யவே இல்லை. வழக்கம்போலச் செருப்பு மேல உட்காரப் போனேன். ரெட்டை ஜடை வாலைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டா. டபுள் சீட்டுல பாதி காலி. அதைக் கையால ரெண்டு தட்டுத் தட்டிட்டுச் சொன்னா:

"நான் தள்ளி உட்கார்ந்துக்கறேன். வாங்கக்கா."